ஒரு மாதத்தில் ஊடாடும் துப்பறியும் நாவல்: கதைத்திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ஏழாம்திரை

வணக்கம். நவம்பர் மாதத்தின் 30 நாட்களில் 50,000 சொற்கள் கொண்ட நாவலை எழுதி முடிக்கும் சவாலை இவ்வாண்டு ஏற்கிறேன். 1999இல் தொடங்கப்பட்ட அச்சவாலை நடத்திவந்த அமைப்பு 2025இல் மூடப்படுவதாக அறிவித்துவிட்டாலும், அதே கணக்கைத் தாமே வகுத்துக்கொண்டு எழுதுவோர் பலர் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் எழுதப் போகிறேன். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,667 சொற்கள் என்பது எனக்கு அச்சம் தரவில்லை. எழுத எடுத்துக்கொண்ட வடிவம்தான் கலக்கம் தருகிறது.

நான் எழுத விரும்புவது வாசகரே துப்பறிவாளராக இருக்கும் கதை. யாரை முதலில் விசாரிப்பது, எந்த அறைக்குள் நுழைவது, எதை எடுத்துப் பார்ப்பது என்பதையெல்லாம் அவரே தேர்ந்தெடுப்பார். ஒரு நாடகக் குழுவின் மூத்த நடிகர், இரவுக் காட்சியின் இடைவேளையில் தம்முடைய ஒப்பனை அறையில் இறந்து கிடக்கிறார். அவருக்கு மாற்றாகப் பயிற்சி பெற்ற இளம் நடிகர், ஒப்பனையாளர், ஒளியமைப்பாளர், திரைமறைவில் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பவர், குழுவின் உரிமையாளர் ஆகிய ஐவர்மீதும் சந்தேகம் விழுகிறது. கதைக்கரு இவ்வளவுதான். கொலை செய்தவர் யார் என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

வாசகருக்கு இரண்டு வழிகள் தரும் பத்துத் தேர்வுகளை வைத்தாலே 1,024 பாதைகள் பிறந்துவிடுகின்றன. அத்தனையையும் ஒரு மாதத்தில் எவராலும் எழுத இயலாது. வாசகரின் தேர்வுக்கு ஏற்பக் குற்றவாளியே மாறிவிடும்படி அமைப்பது சிறப்பா, அல்லது அது ஏமாற்று வேலையாகிவிடுமா? வாசகர் ஒரு முக்கியமான துப்பைக் காணாமலே கடந்துவிட்டால் கதை முட்டுச்சந்தில் நின்றுவிடாதா? முதல் நாளுக்கு முன் எந்த அளவுக்குத் திட்டமிட்டுக்கொள்ள வேண்டும்? இத்தகைய கதைகளை எழுதியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: மணிக்கூண்டு

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை கூறுகிறேன், ஏனெனில் மற்றவை அதைச் சார்ந்தே இருக்கின்றன. குற்றவாளியை மாற்றாதீர்கள். துப்பறியும் கதைக்குள் இரண்டு கதைகள் இருக்கின்றன என்று இலக்கியக் கோட்பாட்டாளர் தோதரோவ் 1966இல் எழுதினார்: ஒன்று குற்றத்தின் கதை, மற்றொன்று விசாரணையின் கதை. முதலாவது கதை நூலின் தொடக்கத்துக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. இரண்டாவது அதைத் தேடிச் செல்கிறது. ஊடாடும் கதையை எழுதுகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள வேறொரு பாகுபாட்டை நான் அறியேன். வாசகரின் தேர்வு விசாரணையின் கதையை மட்டுமே தொட முடியும். நடந்து முடிந்த இரவைத் தொட முடியாது. அந்த இரவும் மாறக்கூடியது என்று வாசகர் ஒருமுறை உணர்ந்துவிட்டால், தாம் கண்டுபிடித்த எதற்கும் மதிப்பில்லை என்று அவருக்குத் தோன்றிவிடும். பலகை விளையாட்டில் சீட்டைக் கலைத்துக் குற்றவாளியை நிர்ணயிக்கலாம். ஆனால் நாவலில் கொலைக்கான காரணம் ஒரு மனிதரின் வாழ்க்கையிலிருந்து முளைக்க வேண்டும், அதை ஐந்து பேருக்கும் சம வலுவோடு எழுதி வைக்க ஒரு மாதம் போதாது.

இப்போது 1,024 பாதைகளுக்கு வருகிறேன். நிகழ்ச்சிகளைக் கிளைகளாகப் பிரித்தால்தான் அந்த எண் உங்களை அச்சுறுத்தும். வாசகர் அறிந்துகொள்ளக்கூடிய பத்துச் செய்திகள் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அவர் அறிந்தாரா இல்லையா என்பதை மட்டும் ஒரு மாறியில், அதாவது கதையை இயக்கும் மென்பொருள் நினைவில் வைத்திருக்கும் ஒரு குறிப்பில், குறித்துவாருங்கள். கணக்குப்படி அப்போதும் 1,024 நிலைகள் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் எழுத வேண்டியவை பத்துக் காட்சிகளும், வாசகர் அறிந்ததற்கு ஏற்ப அவற்றுள் மாறும் சில வரிகளும் மட்டுமே. ஒளியமைப்பாளரை வாசகர் முதலில் சந்தித்தாலும் கடைசியில் சந்தித்தாலும் காட்சி ஒன்றுதான். எடுத்துக்காட்டாக, கிழிந்த உடை ஒன்றைப் பற்றி வாசகருக்குத் தெரிந்திருந்தால் மட்டும் உரையாடலில் ஒரு கேள்வி கூடுதலாகத் தோன்றும்.

திட்டமிடும்போது நான் செய்வது காலஅட்டவணை. பத்து நிமிடத்துக்கு ஒரு வரி; ஐவருக்கும் ஒவ்வொருவருக்கும் மூன்று கட்டங்கள். அவர் உண்மையில் எங்கே இருந்தார், எங்கே இருந்ததாகச் சொல்கிறார், அவரை அங்கே வேறு யார் கண்டார்கள் என்பவற்றை அவற்றில் எழுதுவேன். முதல் இரண்டு கட்டங்களும் பொருந்தாத இடமெல்லாம் பொய். அந்தப் பொய்யை மூன்றாவது கட்டம் உடைக்கும். குற்றமற்றவர்களுக்கும் ஆளுக்கொரு பொய்யைக் கொடுங்கள், ஆனால் அந்தப் பொய்க்கு அவர்களிடம் சொந்தமான ஒரு காரணம் இருக்கட்டும். காரணமில்லாமல் பொய் சொல்லும் பாத்திரம் வாசகரைத் திசைதிருப்புவதற்காகவே நிறுத்தப்பட்டது என்பது எளிதில் தெரிந்துவிடும். உங்கள் கதைக்களம் இந்த வகையில் ஒரு வரம், ஏனெனில் மேடையில் யார் எந்த நேரத்தில் நின்றார் என்பதற்கு அரங்கம் முழுவதுமே சாட்சி.

ஒன்றை மட்டும் இந்த மாதத்தில் தவிர்க்கச் சொல்வேன். கதைக்குள் கடிகாரம் தன்பாட்டுக்கு ஓட, பாத்திரங்கள் வாசகருக்காகக் காத்திராமல் இடம்விட்டு இடம் நகரும் அமைப்பு மிகவும் கவர்ச்சியானது. இன்ஃபோகாம் நிறுவனம் 1982இல் வெளியிட்ட உரைவழி விளையாட்டான ‘டெட்லைன்’, பன்னிரண்டு மணி நேர விசாரணையை அப்படித்தான் அமைத்திருந்தது. ஆனால் அதைச் சோதித்துச் சீராக்குவதற்கே தனியாகப் பல மாதங்கள் வேண்டும். காலத்தின் நெருக்கடி கட்டாயம் வேண்டுமென்றால், ஒவ்வொரு சந்திப்புக்கும் கதைநேரத்தில் அரை மணி கழியும் என்று வைத்து, விடியலுக்குள் இத்தனை சந்திப்புகளே இயலும் என்று வரம்பு கட்டிவிடுங்கள்.

பதில்: நுண்ணாடி

மேலே சொல்லப்பட்ட காலஅட்டவணை இன்றியமையாதது. ஆனால் அது எழுத்தாளருக்கு உண்மையைக் காட்டுமே தவிர, வாசகர் அந்த உண்மையை எப்படி அடைவார் என்பதைக் காட்டாது. அதற்கு இன்னொரு அட்டவணை வேண்டும். துப்புகளை எண்ணுவதற்கு முன், வாசகர் வந்துசேர வேண்டிய முடிவுகளை, அதாவது துப்புகளிலிருந்து அவர் ஊகித்தறிய வேண்டிய உண்மைகளை, எண்ணுங்கள். ஒரு நாவலுக்கு ஐந்தாறு முடிவுகளே போதும். பிறகு ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்புகளை, மூன்று வெவ்வேறு இடங்களில் வையுங்கள். பாத்திரமேற்று விளையாடும் மேசை விளையாட்டுகளுக்குக் கதை அமைப்பவர்களிடையே இது மூன்று துப்பு விதி என்று வழங்குகிறது. ஜஸ்டின் அலெக்சாண்டர் என்பவர் அதை விளக்கி எழுதிப் பரவலாக்கினார். முதல் துப்பை வாசகர் தவறவிடுவார், இரண்டாவதைத் தவறாகப் புரிந்துகொள்வார், மூன்றாவது அவரைக் கரைசேர்க்கும் என்பதுதான் அதன் அடிப்படை.

உங்கள் கதையையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன், பிடித்திருந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இடைவேளைக்குச் சற்று முன்புவரை மூத்த நடிகரை மேடையில் எல்லோரும் பார்த்தார்கள். ஆகவே அவர் இடைவேளையின்போதுதான் கொல்லப்பட்டார் என்று அனைவரும் நம்புகிறார்கள், ஐவரும் இடைவேளையில் தாம் எங்கே இருந்தோம் என்பதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இடைவேளைக்கு முந்தைய கடைசிக் காட்சியில், முகத்தை முழுவதும் மறைக்கும் ஒப்பனையோடு நின்றவர் மாற்று நடிகர். அதற்கு முன்பே மூத்தவர் இறந்துவிட்டார். வாசகர் அடைய வேண்டிய மையமான முடிவு இதுதான். இதற்கு மூன்று துப்புகள் வேண்டும். உடை அறையில், மூத்தவரின் அங்கியின் கை நீளம் ஊசியால் மடித்துக் குறுக்கப்பட்டிருக்கிறது. வசனம் எடுத்துக்கொடுப்பவர், ஆண்டுக்கணக்கில் ஒரு வரியைக்கூட மறந்திராத அந்தப் பெரியவருக்கு அன்று இரண்டு முறை அடியெடுத்துக்கொடுக்க நேர்ந்ததை வருத்தத்தோடு குறிப்பிடுகிறார். ஒருவருக்கான முக வண்ணத்தை மட்டுமே குழைத்து வைத்த ஒப்பனையாளர், கிண்ணம் முற்றிலும் காலியாகிவிட்டதைக் கண்டு வியக்கிறார். ஒன்று பொருள், ஒன்று நினைவு, ஒன்று அளவு. ஒரே வகையான மூன்று துப்புகளை வைத்தால், ஒன்றைக் கவனிக்கத் தவறியவர் மற்ற இரண்டையும் அப்படியே தவறவிடுவார்.

மூத்தவருக்கு உடல்நிலை சரியில்லை, நீ போய் நில் என்று உரிமையாளர் சொன்னதை நம்பியே அந்த இளைஞர் மேடையேறினார் என்று வைத்துவிட்டால், அவருடைய மௌனத்துக்கு அச்சம் காரணமாகிறது. தாம் வேடமிட்டு நின்றதைச் சொன்னால் பழி தம்மேல் விழும் என்று அவர் நினைக்கிறார். இடைவேளைக்கு மட்டும் அசைக்க முடியாத சாட்சிகளை வைத்திருக்கும் உரிமையாளரின் ஏற்பாடு, இந்த ஒரு முடிவை வாசகர் அடைந்த கணத்திலேயே சரிந்துவிடும்.

துப்பைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்ற உங்கள் அச்சத்துக்கு, ராபின் லாஸ் வடிவமைத்து 2007இல் வெளிவந்த கம்ஷூ என்ற விளையாட்டு விதிமுறை வேறொரு விடை தருகிறது. கதை நகர்வதற்கு இன்றியமையாத துப்பு, உரிய இடத்தில் உரிய முறையில் தேடுகிறவருக்குத் தவறாமல் கிடைத்துவிட வேண்டும். துப்பறிதலின் சுவை அதைக் கண்டெடுப்பதில் இல்லை, கண்டெடுத்தவற்றை இணைத்துப் பார்ப்பதில்தான் இருக்கிறது என்பது அதன் கொள்கை. அதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். பொருளை ஒளித்து வைப்பதில் செலவிடும் உழைப்பை, அது உணர்த்தும் கருத்தை ஒளித்து வைப்பதில் செலவிடுங்கள்.

இதற்கு மாறாக, தேர்வுப் பட்டியலே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும் ஆபத்து ஒன்று உண்டு. பெரும்பாலான ஊடாடும் துப்பறியும் கதைகள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். ‘அங்கியின் மடித்த கையைப் பற்றிக் கேள்’ என்று ஒரு தேர்வு திரையில் தோன்றினாலே, அது முக்கியமானது என்று வாசகருக்கு நீங்கள் சொல்லிவிடுகிறீர்கள். ஆகவே பார்த்த எல்லாவற்றைப் பற்றியும் எல்லோரிடமும் கேட்க வழி வையுங்கள். பயனற்ற கேள்விக்கும் பாத்திரத்தின் இயல்பை வெளிப்படுத்தும் இரண்டு வரி விடை இருக்கட்டும். இதனால் சொற்கணக்கும் உயரும், வீண்சொல்லும் ஆகாது. இறுதியில் குற்றம் சாட்டும் இடத்திலும் இதே கவனம் தேவை. ஐவரில் ஒருவரைச் சுட்டினால் போதும் என்றால் ஊகித்தவரும் ஐந்தில் ஒரு முறை வென்றுவிடுவார். யார், நான்கு வழிகளில் எந்த வழியில், ஆறு சான்றுகளில் எதைக் கொண்டு என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டால், 120 சேர்க்கைகளில் ஒன்று மட்டுமே சரி. லூகாஸ் போப் உருவாக்கி 2018இல் வெளிவந்த ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ விளையாட்டில், கப்பலில் இருந்தவர்களின் கதியை மும்மூன்றாகச் சரியாகக் கண்டறிந்தால்தான் விடை உறுதிப்படும். குருட்டு ஊகத்தைத் தடுப்பதற்கு அதைவிட நேர்த்தியான ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

பதில்: நாள்வரிசை

இருவரும் சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் அட்டவணைகள் முழுமையடையும்வரை எழுதாமல் காத்திருப்பது இந்தச் சவாலுக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன். அட்டவணை சொற்கணக்கில் சேராது. அதைவிட முக்கியமாக, பாத்திரங்களின் குரல் அட்டவணையில் கேட்காது. அக்டோபரில் குற்றவாளி, காரணம், வழிமுறை, மையமான முடிவு ஆகிய நான்கை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். நவம்பரின் முதல் சில நாட்களில் அந்த இரவில் உண்மையாக நடந்ததை, வாசகருக்கு எதையும் மறைக்காமல், தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே உரைநடையாக எழுதுங்கள். நான்காயிரம் ஐயாயிரம் சொற்கள் வரும். அதுவே உங்கள் ஆதார நூலாகவும், பின்னர் இறுதி அத்தியாயத்தில் உண்மை வெளிப்படும் பகுதிக்கு முதல் வரைவாகவும் பயன்படும். அதன் பிறகு அதே இரவை ஐவரும் தத்தம் குரலில் சொல்லும் வாக்குமூலங்களை எழுதுங்கள். பொய்கள் தாமாகவே பிறக்கும் இடம் இது. காலஅட்டவணையை அப்போது நிரப்பினால் அதில் உயிர் இருக்கும்.

இந்த வடிவத்துக்குச் சவால் மாதத்தில் ஒரு பெரிய நன்மை உண்டு. காட்சிகள் ஒன்றையொன்று வரிசையாகச் சார்ந்திராததால், நேர்கோட்டு நாவலில் நடுப்பகுதியில் வரும் தேக்கம் இங்கே இல்லை. ஒப்பனையாளரின் காட்சி ஓடவில்லை என்றால் அன்று உடை அறையை எழுதலாம். கடைசி வாரத்தைப் புதிய காட்சிகளுக்கு ஒதுக்காதீர்கள். இணைப்புகளைச் சரிபார்ப்பதும், வாசகர் அறிந்ததற்கேற்ப மாறும் வரிகளை எழுதுவதும் அந்த வாரத்தை முழுமையாக விழுங்கிவிடும். சொற்கணக்கைப் பொறுத்தவரை, எழுதிய எல்லாவற்றையும் கணக்கில் சேருங்கள். ஒரு வாசகர் ஒருமுறை வாசிக்கையில் 15,000 சொற்களை மட்டுமே பார்ப்பார் என்பதால் நாவல் சிறியதாகிவிடாது. விகுதிகளும் உருபுகளும் சொல்லோடு ஒட்டியே வருவதால் தமிழில் 50,000 சொற்கள் ஆங்கிலத்தின் 50,000 சொற்களைவிட அதிகமான கதையைச் சுமக்கும். ஆகவே இலக்கைக் குறைத்துக்கொள்வதாக இருந்தால் அதை முதல் நாளுக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். நடுவில் மாற்றினால் இலக்கு என்பதற்கே பொருளில்லாமல் போகும்.

கருவிகளில், ஊடாடும் கதைகளை எழுதுவதற்காகக் கிறிஸ் கிளைமாஸ் 2009இல் உருவாக்கிய ட்வைன் என்ற மென்பொருள் இலவசமானது. காட்சிகளைப் பெட்டிகளாகவும் இணைப்புகளைக் கோடுகளாகவும் திரையில் காட்டும். அதை உலாவியில் பயன்படுத்தினால் கதை அந்த உலாவியின் நினைவகத்தில்தான் இருக்கும். உலாவியின் தரவை அழித்தால் கதையும் போய்விடும் என்பதால், ஒவ்வொரு நாளும் கோப்பாகச் சேமித்து வேறிடத்தில் வையுங்கள். இங்கிள் நிறுவனம் 2016இல் திறந்த மூலமாக வெளியிட்ட, ஊடாடும் கதைகளை எழுதுவதற்கான இங்க் என்ற கணினி மொழி, துப்பறியும் கதைக்கு இன்னும் பொருத்தமானது என்பது என் கருத்து. வாசகர் எந்தப் பகுதிக்கு எத்தனை முறை சென்றார் என்பதை அது தானே நினைவில் வைத்துக்கொள்வதால், உடை அறையைப் பார்த்தவருக்கு மட்டும் தோன்றும் கேள்வியை எழுதத் தனி மாறி தேவையில்லை. எழுதப்படுவது வெறும் உரைக்கோப்பு என்பதால் எழுத்தின் ஓட்டமும் தடைபடாது.

ஏழாம்திரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குற்றவாளியை மாற்றுவதில்லை என்று உறுதி செய்துவிட்டேன். மாற்று நடிகர் வேடமிட்டு நிற்கும் கருத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். உண்மை வரலாற்றை முதலில் எழுதும் யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. வாசகர் தவறான ஒருவரைக் குற்றம் சாட்டிவிட்டால் கதை அங்கே எப்படி முடிய வேண்டும்? உண்மையைச் சொல்லிவிட்டால் மீண்டும் வாசிக்க எதுவும் மிஞ்சாது. சொல்லாமல் விட்டால் வாசகர் ஏமாற்றத்தோடு வெளியேறுவார்.

பதில்: நுண்ணாடி

உண்மையைச் சொல்லாதீர்கள், ஆனால் அவருடைய முடிவு எதை விளக்கத் தவறியது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஒளியமைப்பாளரை அவர் குற்றம் சாட்டினார் என்றால், அப்பாவி ஒருவர் அழைத்துச் செல்லப்படும் காட்சியை அதற்குரிய கனத்தோடு எழுதுங்கள். பிறகு உடை அறையைப் பூட்ட வரும் பணியாளர், இந்த அங்கியின் கை ஏன் மடிக்கப்பட்டிருக்கிறது என்று தமக்குள் கேட்டுக்கொள்வதோடு அந்த முடிவை நிறுத்தலாம். அதன்பின் வாசகர் திரும்பிச் செல்ல வழி கொடுங்கள், அவர் ஏற்கெனவே அறிந்தவை எல்லாம் குறிக்கப்பட்ட நிலையிலேயே. முதலிலிருந்து அனைத்தையும் மறுபடி வாசிக்கச் செய்வதுதான் வாசகரை விரட்டும். தவறான முடிவுகள் நான்கும் நான்கு வெவ்வேறு துப்புகளின் பக்கம் விரல் நீட்டினால், தோல்வியும் விசாரணையின் ஒரு பகுதியாகிவிடும்.

துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்டு நாக்ஸ் அவ்வகைக் கதைகளுக்கென 1929இல் வகுத்த பத்து விதிகளில், துப்பறிவாளர் காணும் துப்பு எதுவும் வாசகரிடமிருந்து மறைக்கப்படக் கூடாது என்பது ஒன்று. வாசகரே துப்பறிவாளராகிவிட்ட உங்கள் கதையில் அது தானாகவே நிறைவேறிவிடும் என்று தோன்றலாம். ஆனால் இறுதி விளக்கத்தில் நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு செய்தியும், ஒழுங்காகத் தேடிய ஒருவர் அடையக்கூடிய காட்சியில் இருக்கிறதா என்பதைக் கடைசி வாரத்தில் வரிவரியாகச் சரிபார்க்க வேண்டும்.

பதில்: மணிக்கூண்டு

அந்தச் சரிபார்ப்போடு ஒரு சோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கதையை அறியாத ஒருவரிடம் கொடுத்து, ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் அப்போது யார்மீது சந்தேகம் என்பதை ஒரு சொல்லில் குறிக்கச் சொல்லுங்கள். நீங்கள் அருகில் இருந்து எதையும் விளக்க வேண்டாம். தொடக்கம் முதலே ஒரே பெயர் நின்றால் உங்கள் திசைதிருப்பல்கள் வலுவற்றவை. மடித்த கையைக் கண்ட பிறகும் பட்டியல் மாறவில்லை என்றால் அந்தத் துப்பின் எழுத்து தெளிவில்லாமல் இருக்கிறது. டிசம்பர்வரை காத்திருக்காமல், மூன்றாவது வார இறுதியில் பாதி இணைப்புகள் அறுந்திருக்கும்போதே இதைச் செய்துவிட்டால், திருத்துவதற்கு இன்னும் நாட்கள் மிஞ்சியிருக்கும்.